கட்டைவிரலா, கழுத்தா, நாற்காலியா: துளைக்கருவியின் பாரத்தை எதில் ஏற்றுவது?

ஒரு பி ஃப்ளாட் கிளாரினெட்டை முழுதாகப் பூட்டித் தராசில் வைத்தால் ஏறக்குறைய 800 கிராம் காட்டும். கையில் தூக்கிப் பார்த்தால் கனமே தெரியாது. ஆனால் வாசிக்கும்போது அந்த எடையில் பெரும்பகுதி வலது கட்டைவிரலின் பக்கவாட்டில், ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடத்தில் வந்து உட்காருகிறது. மற்ற விரல்கள் துளைகளிலும் அவற்றை மூடித் திறக்கும் உலோகக் கீக்களிலும் ஓடிக்கொண்டிருப்பதால் கைகொடுக்க வராது. போதாக்குறைக்கு, ஊதும் முனையான மௌத்பீஸ் மேல்பல்லில் ஆடாமல் நிற்க அதே கட்டைவிரல் கருவியை மேல்நோக்கி உந்தவும் வேண்டியிருக்கிறது. கட்டைவிரல் நுனியால் 1 கிலோ விசையில் எதையாவது கிள்ளிப் பிடித்தால், மணிக்கட்டை ஒட்டியிருக்கும் அதன் அடிமூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் விழுகிறது என்று 1977-இல் வெளியான ஒரு விசைக் கணக்கு காட்டியது. கிளாரினெட்டைத் தாங்குவதும் கிள்ளுவதும் ஒன்றல்லதான். ஆனால் நுனியில் சிறிய பாரம் அடியில் பெரிய பாரமாகும் என்பது இரண்டுக்கும் பொது. தாங்குவது நுனி, வலிப்பது மணிக்கட்டுப் பக்கம் என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு விற்பனைக்கு வரும் சாதனங்களுக்குக் குறைவில்லை. ரப்பர் மெத்தை, அகலமான தம்ப் ரெஸ்ட் (கட்டைவிரல் தாங்கி), கழுத்துப் பட்டை, ஹார்னஸ் (தோள்களில் மாட்டும் பட்டைக்கட்டு), நாற்காலியில் ஊன்றும் கம்பி, தரையில் ஊன்றும் முளை என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ‘பாரமே தெரியாது’ என்ற விளம்பரமும் கூடவே வரும். தெரியாதே தவிர, பாரம் எங்கும் மறைந்துவிடாது. கட்டைவிரலிலிருந்து இறங்கினால் கழுத்தில் ஏறும். கழுத்திலிருந்து இறங்கினால் தோளுக்கோ வயிற்றுக்கோ போகும், இல்லையென்றால் நாற்காலிக்கோ தரைக்கோ. ஆகவே ‘எது நல்ல சாதனம்?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘இது பாரத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறது, அந்த இடம் எனக்குத் தாங்குமா?’ என்று கேட்டால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் இரண்டு வழி

வலியோடு வருபவரின் கடந்த ஒரு மாதத்தைக் கிளறினால் பெரும்பாலும் ஏதோ ஒரு தாவல் அகப்படும். தேர்வு நெருங்கி வாசிக்கும் நேரம் இரட்டிப்பாகியிருக்கும். விடுமுறை முடிந்த மறுநாளே பழைய நேரத்துக்குத் திரும்பியிருப்பார். ஏ கிளாரினெட்டுக்கோ டெனார் சாக்ஸபோனுக்கோ மாறியிருப்பார், அல்லது ஊதும்போது அதிரும் நாணல் தகடான ரீட்டின் எண்ணைக் கூட்டி, இன்னும் கடினமானதற்குப் போயிருப்பார். நாளுக்கு 1 மணி நேரம் வாசித்தவர் 3 மணி நேரத்துக்குத் தாவினால், எந்தப் பட்டையும் அவரைக் காப்பாற்றாது. வாரத்துக்கு 10 முதல் 20 சதவீதம் கூட்டுவது பாதுகாப்பான வேகம். 60 நிமிடம் வாசிப்பவர் அடுத்த வாரம் 66 முதல் 72 நிமிடம் வரை போகலாம். மந்தமாகத் தோன்றினாலும், இரண்டு மாதம் வாசிக்கவே முடியாமல் போவதை விட இது வேகம்தான்.

ஒவ்வொரு 25 நிமிடத்துக்கும் 5 நிமிடம் இடைவெளி என்பதைப் பலர் அறிவார்கள், ஆனால் அந்த 5 நிமிடமும் கருவியை மடியில் நிறுத்தி அதே கட்டைவிரலால் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இடைவெளி என்றால் கருவி ஸ்டாண்டில் இருக்க வேண்டும், கைகள் தொங்க வேண்டும். கடினமான ஒரு பகுதியை 40 முறை தொடர்ந்து வாசிப்பதை விட, 8 முறை வாசித்து, வேறு எதையாவது எடுத்து, மறுபடி திரும்பி வருவது தசைநாணுக்கும் நல்லது, மனப்பாடத்துக்கும் நல்லது.

ரீட்டுக்கும் கட்டைவிரல் வலிக்கும் உள்ள தொடர்பு பலருக்கு உடனே பிடிபடுவதில்லை. ரீட் கடினமாக இருந்தால் அது அதிர்வதற்குத் தாடை கடிக்கும். தாடை கடித்தால் கட்டைவிரல் கருவியை மேலே உந்தும். கடியும் உந்தலும் ஒன்றையொன்று வளர்த்துவிடும். 3½ எண் ரீட்டிலிருந்து 3-க்கு இறங்குவது பல சமயம் புதுப் பட்டை வாங்குவதை விடப் பலன் தரும். ஒரு நிறுவனத்தின் 3 இன்னொரு நிறுவனத்தின் 3-க்குச் சமமல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கடிக்கிறோமா என்று கண்டுபிடிக்க, மேலுதட்டையும் பல்லுக்கடியில் மடித்து இரட்டை உதடு வைத்து 5 நிமிடம் நீண்ட சுரங்கள் ஊதினால் போதும். கடித்தால் மேலுதடு உடனே காட்டிக்கொடுக்கும்.

கிளாரினெட்டும் ஓபோவும்

முதலில் பார்க்க வேண்டியது தம்ப் ரெஸ்டின் இடம். நின்றுகொண்டு வலது கையை உடம்போரம் தளரத் தொங்கவிடுங்கள். விரல்கள் தாமாகவே லேசாக வளைந்திருக்கும். கட்டைவிரல் எதற்கு நேரே இருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆள்காட்டி விரலுக்கு எதிரே, அல்லது அதற்கும் நடுவிரலுக்கும் இடையே இருக்கும். அந்த வடிவத்தைக் குலைக்காமல் கையைக் கருவிக்குக் கொண்டுவந்து துளைகளை மூடுங்கள். இப்போது கட்டைவிரல் எங்கே விழுகிறதோ அங்கேதான் தம்ப் ரெஸ்ட் இருக்க வேண்டும். பல கிளாரினெட்டுகளில் அது இதைவிடக் கீழே, பெல் (கருவியின் விரிந்த கீழ்முனை) பக்கமாக இருக்கும். கட்டைவிரல் எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால் மணிக்கட்டு பக்கவாட்டில் மடங்குகிறது. கட்டைவிரலை விரித்து நிமிர்த்தும் இரண்டு தசைநாண்களும் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன, அங்கே உரசல் தொடங்குகிறது. 1895-இல் சுவிஸ் அறுவைசிகிச்சையாளர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் விவரித்து, இன்றும் அவர் பெயராலேயே வழங்கும் வீக்கம் இந்த உறையில் வருவதுதான்.

நகர்த்தக்கூடிய தம்ப் ரெஸ்ட் என்றால் திருகைத் தளர்த்தி 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் ஏற்றி, மூன்று நாள் வாசித்துப் பார்த்து, பிறகு அடுத்த அடி வைக்கலாம். அளவுக்கு மேல் ஏற்றினால் வலது ஆள்காட்டி விரலின் பக்கம் ட்ரில் கீக்களில் உரசத் தொடங்கும். அதுவே எல்லை. இரண்டு திருகுகளால் நிலையாகப் பொருத்தியது என்றால் பழைய துளைகளை அடைத்துப் புதிய துளை போட வேண்டும். அது பழுதுபார்ப்பவர் வேலை, வீட்டில் துரப்பணத்தை எடுக்க வேண்டாம். மரத்தில் தவறாகப் போட்ட துளை காற்றுக்குழாயை எட்டிவிட்டால் கருவியே போய்விடும்.

தம்ப் ரெஸ்டின் மேல் மாட்டும் ரப்பர் அல்லது சிலிக்கான் மெத்தை ஒரு கிராம் எடையைக்கூடக் குறைக்காது. அழுத்தத்தைப் பரப்பும், அவ்வளவுதான். தோல் காய்த்துப்போவதும் சிவப்பதும் மட்டுமே உங்கள் குறை என்றால் அது போதும். மூட்டு வலிக்கு அதை வாங்குவது வீண். மெத்தையின் தடிமன் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருந்தால் கட்டைவிரல் அந்த அளவு விலகி, கை விரிந்து நிற்கும். சிறிய கைக்காரர்களுக்கு அது கெடுதலாகவும் முடியலாம்.

நெதர்லாந்தின் டான் கோய்மன் வடிவமைத்த வகையைப் போன்ற அகலமான தம்ப் ரெஸ்ட்கள் வேறு தர்க்கத்தில் வேலை செய்கின்றன. பாரம் தொடும் புள்ளியை நகத்தருகிலிருந்து பின்னுக்கு, மூட்டுப் பக்கமாகக் கொண்டுவருகின்றன. நெம்புகோலின் கை குட்டையானால் அடிமூட்டில் விழும் திருப்புவிசை குறையும். எடை கட்டைவிரலிலேயேதான் இருக்கிறது, ஆனால் பலமான இடத்தில் இருக்கிறது. இதற்கு விலை பழக்கம். கையின் கோணம் மாறிவிடுவதால் வலது சுண்டுவிரல் கீக்கள் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இடம் தப்பும். கச்சேரிக்கு 10 நாள் முன்பு மாட்டிக்கொள்ளக் கூடாத பொருள் இது. மாட்டிய நிலையில் பெட்டி மூடுகிறதா என்றும் வாங்கும் முன் பாருங்கள்.

கழுத்துப் பட்டைதான் எடையை உண்மையிலேயே கட்டைவிரலிலிருந்து இறக்குகிறது. எலாஸ்டிக் கழுத்துப் பட்டை வலது கட்டைவிரலின் மேல் விழும் விசையைக் குறைக்கிறது என்பதை 2000-இல் கிளாரினெட் வாசிப்பவர்களிடம் அளந்தே பார்த்திருக்கிறார்கள். தம்ப் ரெஸ்டில் வளையம் இருந்தால் கொக்கியை அதில் மாட்டலாம். இல்லையென்றால் பட்டையோடு வரும் துளையுள்ள தோல் துண்டைத் தம்ப் ரெஸ்டின் மேல் நுழைக்கலாம். எலாஸ்டிக்கா, நீளாத பட்டையா என்ற கேள்வியில் என் ஓட்டு கிளாரினெட்டுக்கு எலாஸ்டிக். உடம்பு அசையும்போது கருவியும் சேர்ந்து அசைய அது இடம் கொடுக்கும். நீளாத பட்டை ஒரே உயரத்தில் பூட்டிவிடும், மூச்சுக்கு மார்பு உயரும்போதெல்லாம் மௌத்பீஸும் நகரும்.

சரியான நீளத்துக்கு ஒரு சோதனை உண்டு. வாசிக்கும் நிலையில் நிமிர்ந்து இருந்து, இடது கையால் பாதுகாப்பாகப் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலை மட்டும் எடுங்கள். மௌத்பீஸ் உதட்டருகிலேயே நின்றால் நீளம் சரி. பல்லை நோக்கி எகிறினால் பட்டை குட்டை, தாடை கடிக்கத் தொடங்கும். மார்புக்கு இறங்கிவிட்டால் பட்டை வேலையே செய்யவில்லை என்று பொருள். பட்டையோடு வரும் புதுத் தொல்லை ஓபன் ஜி சுரத்தில் தெரியும். எல்லா விரல்களும் எழுந்துவிடும் அந்தச் சுரத்தில் கருவியை நிலைநிறுத்துவது வாயும் வலது கட்டைவிரலும் மட்டுமே. எலாஸ்டிக்கின் துள்ளலில் கருவி ஆடும். வலது சுண்டுவிரலை ஏதாவது ஒரு கீயின் ஓரத்தில் லேசாக வைத்துக்கொள்வது போதுமான தீர்வு.

இரட்டை ரீட்டில் ஊதும் ஓபோக்காரர்கள் பட்டையை இன்னும் தளர்வாக வைக்க வேண்டும். அவர்களுடைய ரீட் பல்லில் முட்டி நிற்பதில்லை, இரண்டு உதடுகளுக்கும் இடையே மிதக்கிறது. பட்டை மேலே இழுத்தால் ரீட் வாய்க்குள் கூடுதலாக நழுவி, சுருதி ஏறும். சுருதி ஏறியதைச் சரிசெய்ய ரீட்டைச் சுரண்டிக்கொண்டிருப்பதை விடப் பட்டையை ஒரு விரலளவு இறக்குவது எளிது. ஓபோவின் பெரிய வகையான கோர் ஆங்கிலே வாசிப்பவர்களுக்குப் பட்டை விருப்பமல்ல, தேவை.

கழுத்தில் ஏற்கெனவே வலி இருப்பவர் கட்டைவிரலைக் காப்பாற்றக் கழுத்துப் பட்டை போட்டால் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய கதைதான். அவர்களுக்கு ஊன்றுகம்பி. தம்ப் ரெஸ்டில் மாட்டி, கீழ்முனை இரு தொடைகளுக்கும் நடுவே நாற்காலியில் ஊன்றும் கம்பி எடையை உடம்பைத் தொடாமலே நாற்காலிக்கு அனுப்பிவிடுகிறது. உட்கார்ந்து வாசிப்பவருக்கு இதைவிடச் சுத்தமான தீர்வு இல்லை. நின்று வாசிக்கும் நாளில் அது உதவாது என்பதையும், கருவியின் கோணத்தைப் பூட்டிவிடும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, கம்பியை முதலில் மாட்டிவிட்டுப் பிறகு அந்த உயரத்துக்கு உடம்பைக் குனிவது. முதலில் முதுகு நிமிர வேண்டும், தலை நேராக வேண்டும், மௌத்பீஸ் வாய்க்கு வர வேண்டும். கம்பியை நீட்டிப் பூட்டுவது கடைசி வேலை.

செலவில்லாமல் பெல்லை முழங்காலில் ஊன்றி வாசிப்பவர்களும் உண்டு. எடை இறங்கும், உண்மைதான். ஆனால் முழங்கால் உயரம் போதாததால் தலை கீழே போகும், குதிகால் மேலே தூக்கும், முதுகு வளையும். அடி ஈ சுரமும் அதன் மேல் பன்னிரண்டான பி சுரமும் பெல் வழியாகவே வெளிவருவதால், பெல் தொடையில் அடைந்தால் அந்த இரண்டும் மங்கும். ஒத்திகையில் வாசிக்காத ஓய்வுகளின்போது ஊன்றிக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது வேண்டாம்.

சாக்ஸபோன்: கழுத்திலிருந்து எங்கே இறக்குவது

ஆல்டோ சாக்ஸபோன் சுமார் 2.5 கிலோ, டெனார் 3 முதல் 3.5 கிலோ, பாரிடோன் 5 கிலோவுக்கும் மேல். இங்கே கட்டைவிரல் கொக்கி எடை தூக்குவதற்கானதே அல்ல. கருவியை உடம்பிலிருந்து சற்று முன்னே தள்ளிவைக்க மட்டும்தான். சாக்ஸபோனில் வலது கட்டைவிரல் வலிக்கிறது என்றால் முதல் சந்தேகம் பட்டையின் நீளத்தின் மேல் விழ வேண்டும். கண்ணை மூடி, தலையை நிமிர்த்தி, தொடுவானத்தைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு மௌத்பீஸை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். அது தானாக வாயில் வந்து நுழைய வேண்டும். தாடையில் இடித்தால் பட்டை நீளம். தேடிப்போய் மேலிருந்து கவ்வும் பழக்கம் வந்தவர்களின் கழுத்து எப்போதும் முன்னால் நீண்டே இருக்கும்.

2 சென்டிமீட்டர் நைலான் பட்டையை விட்டு 5 சென்டிமீட்டர் மெத்தைப் பட்டைக்கு மாறுவது கிளாரினெட் மெத்தைக் கதைதான். அழுத்தம் பரவும், எடை அதே கழுத்தில். துள்ளும் நியோப்ரீன் பட்டை எடை குறைந்ததுபோல் காட்டும். ஆனால் துள்ளும் கருவியை அடக்கும் வேலையை உதடும் கட்டைவிரலும் செய்ய வேண்டியிருக்கும். ஆல்டோவை நாளுக்கு ஒரு மணி நேரம் வாசிப்பவருக்கு நீளாத அகலப் பட்டை போதும். டெனாருக்கு, அதுவும் நின்று வாசிப்பவருக்கு, கழுத்தை விட்டு இறங்குவதே நல்லது.

இறங்க இரண்டு வழி. ஹார்னஸ் எடையைத் தோள்கள் இரண்டிலும் பகிர்ந்து முதுகில் குறுக்கே இழுத்துக் கட்டுகிறது. மலிவு, மடித்து வைக்கலாம், ஓடலாம் ஆடலாம். ஆனால் இறுக்கிக் கட்டினால் காறை எலும்புக்கு அடியில் கைக்குப் போகும் நரம்புகள் நெரிபடும். அரை மணி நேரத்தில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் ஹார்னஸைத் தளர்த்த வேண்டும், அல்லது கழற்ற வேண்டும். ‘பழகிவிடும்’ என்று விடக்கூடாத அறிகுறி இது. மார்பில் பட்டைகள் குறுக்கிடும் இடம் பல ஹார்னஸ்களில் ஆண்களின் உடலை மனத்தில் வைத்து அமைந்தது. பெண்களுக்கென்று வேறு அமைப்பில் வருபவற்றைத் தேடுவது நல்லது. குட்டையானவர்கள் பட்டையின் மிகக்குறைந்த அளவைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

இன்னொன்று, சாக்ஸ்ஹோல்டர் வகை விறைப்புச் சட்டகம். தோள்களில் இரண்டு வளைந்த கரங்கள், வயிற்றில் ஒரு தகடு, நடுவே கம்பி. கழுத்தை அது தொடுவதே இல்லை, முதுகில் பட்டையும் இல்லை. கழுத்து வலிக்காரருக்கு இதுவே என் முதல் பரிந்துரை. தகடு விலாவின் விளிம்பில் படாமல் அதற்குக் கீழே வயிற்றில் படும்படி கம்பியின் நீளத்தை வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆழ்ந்த மூச்சில் அது முட்டும். உடல் குட்டையானவர் உட்கார்ந்தால் தகடு தொடையில் இடிக்கும். நின்றே வாசிப்பவருக்கும் உயரமானவருக்கும் பொருந்துவதுபோல் எல்லோருக்கும் பொருந்தாது. பாரிடோனுக்கு இந்த யோசனையெல்லாம் வேண்டாம். முளையோ ஸ்டாண்டோ கொண்டு தரையில் இறக்கிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் கொக்கி மூடிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். திறந்த கொக்கியிலிருந்து நழுவும் சாக்ஸபோனைப் பிடிக்கப்போய்ச் சுளுக்கிக்கொள்ளும் மணிக்கட்டும் வாசிப்புக் காயம்தான்.

பசூன்

மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள, அடிச்சுரங்கள் ஊதும் இந்த நீண்ட இரட்டை ரீட் கருவிக்கு இருக்கைப் பட்டை ஓர் அருமையான ஏற்பாடு. தொடைக்கடியில் நாற்காலியின் குறுக்கே போகும் பட்டையின் வலது முனையில் உள்ள கொக்கியோ கிண்ணமோ கருவியின் அடிப்பகுதியைத் தாங்குகிறது. எடை நாற்காலிக்குப் போகிறது, பட்டையை உங்கள் உடலெடையே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பட்டையை இடப்பக்கம் இழுத்தால் கருவி உயரும், விட்டால் தாழும். உயரம் சரியில்லாமல் கழுத்தை நீட்டி ரீட்டை எட்டுவதுதான் இதில் பெரும்பிழை. எழுந்திருக்கும் முன் கருவியைக் கையில் ஏந்திக்கொள்ளாவிட்டால் பட்டை நழுவி, அடிப்பகுதி தரையில் இடிக்கும்.

இருக்கைப் பட்டை தீர்க்காதது இடது கையின் சுமை. கருவியின் மேல்பாதி இடது ஆள்காட்டி விரலின் அடியில் சாய்ந்துதான் நிற்கும். அங்கே வலியோ மரமரப்போ இருந்தால், கொக்கி மாட்டும் புள்ளியை நகர்த்திச் சமநிலையை மாற்றும் பேலன்ஸ் ஹேங்கர் உதவும். அதைக் கழுத்துப் பட்டையோடோ ஹார்னஸோடோ மாட்டும்போது இடது கை லேசாகும், பாரத்தில் ஒரு பங்கு மேலுடம்புக்கு வரும். நின்று வாசிப்பவர் ஹார்னஸைத்தான் எடுக்க வேண்டும். மூன்று கிலோவைக் கழுத்தில் மட்டும் தொங்கவிடுவதற்கு நியாயமே இல்லை.

ஃப்ளூட்: எடையல்ல, முறுக்கு

ஃப்ளூட் அரைக் கிலோவுக்கும் குறைவு. சிக்கல் எடையில் இல்லை, இரண்டு கைகளையும் ஒரே பக்கம் தூக்கிவைத்துக்கொண்டு தலையை எதிர்ப்பக்கம் திருப்பும் நிலையில் இருக்கிறது. வலது தோள், கழுத்து, பின்வளைந்த இடது மணிக்கட்டு, குழல் அமரும் இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி: இந்த நாலும்தான் வழக்கமாகப் புகார் செய்யும். 1847-இல் உருளைக் குழல் ஃப்ளூட்டை உருவாக்கிய தியோபால்டு போம் என்பவரே இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தாங்கும் ஊன்றுகோல் ஒன்றைக் கருவியில் பொருத்தினார். கருவியை வடிவமைத்தவருக்கே இடது கை இறுக்கம் உறுத்தியிருக்கிறது.

இங்கே முதலில் மாற்ற வேண்டியது நாற்காலி. உடம்பு முழுவதும் நோட்டுத்தாங்கியை நேரே பார்த்திருந்தால் இடுப்புக்கு மேல் முறுக்கிக்கொண்டுதான் வாசிக்க முடியும். நாற்காலியை 45 பாகை வலப்பக்கம் திருப்புங்கள். முழங்கால்கள் வலப்பக்கம் பார்க்கும், தலை மட்டும் இடப்பக்கம் நோட்டைப் பார்க்கும், வலது கை உடம்புக்கு முன்னால் வந்துவிடும். இசைக்குழுவில் பக்கத்து நாற்காலி நெருக்கமாக இருந்தால் இது நடக்காது. இடம் கேட்டு வாங்குவதும் காயத் தடுப்பில் சேர்த்திதான்.

அடுத்தது, கருவியின் சுழற்சி. கீக்களின் கம்பிகள் வாசிப்பவர் பக்கம் இருப்பதால் குழல் உள்நோக்கி உருளப் பார்க்கும். உருளாமல் இருக்க விரல்கள் இறுகும். தலைப்பகுதியை உள்நோக்கிச் சில மில்லிமீட்டர் திருப்பி மாட்டினால், ஊதும் கோணம் மாறாமலே உடற்பகுதி வெளிப்பக்கம் உருண்டு கம்பிகளின் எடை மேலே வந்து அமரும். செலவு ஒன்றும் இல்லை, பிடி உடனே தளரும். திருப்பிய அளவைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், நாளுக்கொரு கோணத்தில் மாட்டினால் ஓசை தடுமாறும்.

புதுக் கருவி வாங்குபவர் ஜி கீக்கள் நேர்வரிசையில் உள்ளதையா, விலகி அமைந்ததையா எடுப்பது என்று யோசிப்பதுண்டு. விலகியது ஓசையில் எதையும் பறிக்காது, மோதிர விரல் எட்டுவதற்காக மணிக்கட்டு திருகுவதைக் குறைக்கும். மிக நீண்ட விரல்கள் இல்லாதவர் நேர்வரிசையை எடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இடது ஆள்காட்டி விரலின் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகிறவருக்கு, குழலின் மேல் மாட்டும் சேணம் போன்ற சிறு தாங்கி உதவும். அங்கே விரலின் பக்க நரம்பு குழலுக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்குகிறது, தாங்கி அந்த அழுத்தத்தை அகலப்படுத்துகிறது. கை எட்டாத குழந்தைக்கு வளைந்த தலைப்பகுதி கட்டாயம். தோள் தூக்கவே முடியாத பெரியவர்களுக்குச் செங்குத்துத் தலைப்பகுதி ஒரு வழி. கருவியைக் கிளாரினெட்போல் முன்னால் பிடிக்கலாம். தோள் தப்பிக்கும், பாரம் கட்டைவிரலுக்கு வரும். மேலே சொன்ன கணக்கு அங்கிருந்து தொடங்கும்.

உதடும் தாடையும்

கீழ்ப்பல் உதட்டை அறுத்தால் மடித்த மெல்லிய காகிதம், பல் மெழுகு, பல்மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் உறை என்று மூன்று தேர்வு. காகிதம் ஒரு ஒத்திகைக்குத் தாங்கும், மெழுகு சூட்டில் இளகும். தினமும் வாசிப்பவருக்கு உறைதான் பொருளாதாரம். ஆனால் அறுப்பதற்கு மூலம் கடியா என்று இரட்டை உதட்டுச் சோதனையில் முதலில் பார்த்துவிடுங்கள். தாடை மூட்டில் ‘களுக்’ சத்தமும் காலையில் இறுக்கமும் இருந்தால் ரீட்டை இறக்குவதும், வாசிக்கும் நேரத்தைத் துண்டாக்குவதும், பல்மருத்துவரைப் பார்ப்பதும் எந்த உறையையும் விட முக்கியம். உதட்டிலோ மோவாயிலோ அரிப்பும் தடிப்பும் வந்தால் நிக்கல் ஒவ்வாமையா என்று தோல் மருத்துவரிடம் சோதிக்கலாம். கோகோபோலோ போன்ற சில மரங்களும் ஒவ்வாமை தருபவை.

ஒரே நேரத்தில் ஒன்று மட்டும்

ரீட்டையும் பட்டையையும் நாற்காலியையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி இரண்டு வாரம் வாசியுங்கள். தினமும் மூன்று எண்கள் குறிக்க வேண்டும்: வாசிக்கும் முன் வலி, 20 நிமிடம் கழித்து வலி, மறுநாள் காலை வலி, ஒவ்வொன்றும் 0 முதல் 10 வரை. மறுநாள் காலை எண்தான் பொய் சொல்லாதது. புதுப் பட்டை போட்ட சுகத்தில் 20-ஆம் நிமிட எண் இறங்கியும் காலை எண் ஏறிக்கொண்டே போனால் பாரம் தவறான இடத்துக்குப் போயிருக்கிறது. புது வலி புது இடத்தில் முளைக்கிறதா என்றும் எழுதுங்கள். கட்டைவிரல் 6-லிருந்து 2-க்கு வந்து, கழுத்து 0-விலிருந்து 4-க்குப் போனால் அது வெற்றியல்ல, இடமாற்றம். பக்கவாட்டிலிருந்து கைபேசியில் 2 நிமிடம் படம்பிடித்துப் பார்ப்பது கண்ணாடியை விட நேர்மையானது.

வலிமாத்திரை போட்டுக்கொண்டு வாசித்தால் இந்தக் குறிப்புகள் எல்லாம் பயனற்றவை. மணிக்கட்டுக் கவசத்தை மாட்டியபடியே வாசிப்பதும் அப்படித்தான், அசையாத மூட்டின் வேலையை முழங்கையும் தோளும் எடுத்துக்கொள்ளும். கட்டைவிரலைப் பலப்படுத்த ரப்பர் பந்தை அழுத்துவதும் வேண்டாம். அது ஏற்கெனவே களைத்த பிடிக்கும் தசைகளையே மேலும் களைப்பாக்கும். பின்தோள் தசைகளுக்கு எலாஸ்டிக் நாடாவைப் பின்னோக்கி இழுக்கும் பயிற்சி, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், எல்லாச் சாதனத்தோடும் ஒத்துப்போகும்.

இரவில் எழுப்பும் மரமரப்பு, பொருள் கைநழுவும் பலவீனம், வீங்கிய மூட்டு, இரண்டு வாரம் நேரத்தைக் குறைத்தும் இறங்காத வலி இருந்தால் கடைக்குப் போகும் முன் மருத்துவரிடம் போக வேண்டும். கருவியையும் எடுத்துப்போங்கள், பிடித்துக் காட்டாமல் விளக்குவது கடினம். வலியே இல்லாமல் ஒரு விரல் தானாகச் சுருள்வதோ உதட்டின் ஓரம் காற்றை விடுவதோ தசைகள் கட்டுப்பாட்டை மீறி இழுக்கும் தசைப்பிறழ்வின் (டிஸ்டோனியா) தொடக்கமாக இருக்கலாம். இன்னும் கடினமாகப் பயிற்சி செய்து அதை வெல்ல முயல்வது நிலைமையை மோசமாக்கும்.

மருத்துவர் அனுமதித்த பின் திரும்பும்போது முதல் மூன்று நாள் 5 நிமிடம், காலை மாலை இரு வேளை, நடு ஸ்தாயியில் மெதுவான சுரங்கள் மட்டும். அடுத்த மூன்று நாள் 8 நிமிடம், பிறகு 12. காலையில் விறைப்பு இருந்தால் கூட்டாமல் முந்தைய படிக்கு இறங்கி இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள். ஒரு வேளை 25 நிமிடத்தை எட்டும் வரை கருவியைத் தாங்கியில்லாமல் எடுக்க வேண்டாம், நின்றும் வாசிக்க வேண்டாம். வேகமான பகுதிகளை அதற்குப் பிறகு, எழுதிய வேகத்தில் பாதியில் தொடங்குங்கள்.